மேடம் காலு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. ஊரில் இரண்டொருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயமும் அதில் இருக்கிறது.

நான் திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். கல்லூரி நாளிலிருந்து பேனாவும் மையும் கொண்டு படம் வரைகிறேன். நிப் பேனா, கறுப்பு மை, கெட்டியான வெள்ளைத் தாள். வேறு எதுவும் கிடையாது. கோடு போடுவதைவிடப் புள்ளி வைப்பது எனக்குப் பிடிக்கும். நிழல் வேண்டிய இடத்தில் நெருக்கமாக, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தள்ளித் தள்ளி. ஒரு மாட்டின் தலைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

இந்த வேலையில் ஒரு தொல்லை, மையை அழிக்க முடியாது. பென்சில் என்றால் ரப்பர் இருக்கிறது. மைத்துளி சிந்தினால் சிந்தியதுதான். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிந்திய துளிக்கு ஒரு மூக்கும் வாலும் வைத்துக் காக்கை ஆக்கிவிடுவேன். அதனால் என் படங்களில் காக்கைகள் அதிகம். கோபுரத்தில் காக்கை, மின்கம்பியில் காக்கை, தலைவாரும் பெண்ணுக்குப் பின்னால் ஜன்னலில் காக்கை. பார்த்தவர்கள் ஏதோ குறியீடு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஓவியக் கூடம் நடத்தும் பெண்ணிடம் அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை ரொம்ப சுத்தமா இருக்குங்க. ஆனா இத எதுக்கு வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டே படங்களைத் திரும்ப அடுக்கினேன். குழுக் கண்காட்சி ஒன்று வைக்கப்போவதாகவும், அர்த்தமுள்ளதாக ஒரு புதுப் படம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். நாற்பத்திரண்டு வயதில் முதல் கண்காட்சி. ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து எனக்குக் கருத்துப் பைத்தியம் பிடித்தது. மரத்தில் இலைக்குப் பதில் குழாய் தொங்குவது போல் ஒன்று வரைந்தேன். பூமி உருண்டையைத் தலையில் சுமக்கும் சித்தாள் ஒன்று. தாலிக்கயிறே சங்கிலியாகிக் காலைப் பிணைத்திருக்கும் பெண் ஒன்று. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "எங்கயோ காலண்டர்ல பார்த்த மாதிரி இருக்கே" என்றார். ஒரு வாரம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

கடைசித் தேதி திங்கட்கிழமை மாலை. சனிக்கிழமை வரை கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உப்பளம் ஞாபகம் வந்தது. உழைப்பு, வியர்வை, உப்பு. இதைவிடப் பெரிய கருத்து வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. ஞாயிறு காலை போய் வேகமாக ஒரு உருவம் எடுத்துக்கொண்டு வந்தால், புள்ளி வைக்காமல் கோட்டிலேயே, அன்று முழுக்கவும் மறுநாள் லீவு போட்டும் மையை முடித்துவிடலாம். ஸ்கூட்டியை எடுக்கும்போது, "என்ன, கருத்து பிடிக்கக் கிளம்பியாச்சா?" என்று கேட்டார் கணவர், மீன் பிடிக்கப் போவதைக் கேட்பது போல.

போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை இருக்கும். அனுமந்தை பக்கமிருந்து வரும் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். உப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மழைக்காலம் முடிந்து பாத்திகளைத் தயார் செய்யும் சமயம். ஒரு பாத்தி மட்டும் தனியாகத் தெரிந்தது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவு இருக்கும். சாம்பல் நிறத்தில், சிமென்ட் பூசியது போல வழவழவென்று, ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. அதன் எதிர்க்கோடியில் ஓலைப் பந்தலின் கீழே இரண்டு பெண்கள் தூக்குவாளியிலிருந்து எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால். முகத்தில் வெளிச்சம் விழும் பக்கம் நான் போக வேண்டும். வரப்பைச் சுற்றினால் நேரமாகும். பாத்தி கெட்டியாகத்தான் தெரிந்தது. குறுக்கே இறங்கிவிட்டேன், கான்வாஸ் ஷூவோடு.

முதல் ஏழெட்டு அடி ஒன்றும் ஆகவில்லை. நடுப்பக்கம் போனதும் கால் கணுக்கால் வரை உள்ளே போனது. பயந்துபோய்ப் பக்கத்தில் கால் வைத்தேன், அதுவும் போனது. வலது பக்கம் போனால் சரியாகுமா, இடது பக்கம் போனால் சரியாகுமா என்று கோணல்மாணலாக நாலு பக்கமும் மிதித்திருக்கிறேன். பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அசையாதீங்க! அங்கயே நில்லுங்க!"

நின்றேன். ஒரு ஷூ சேற்றுக்குள். கையில் படம் வரையும் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன், ஏதோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி.

"வெச்ச குழியிலயே கால வெச்சு, வந்த வழியா திரும்பிப் போங்க. புதுசா ஒரு எடத்துலயும் கால் படக் கூடாது."

அப்படியே திரும்பினேன். நான் தோண்டிய குழிகளை நானே தேடித் தேடிக் கால் வைத்து வெளியே வந்தேன். வரப்பில் ஏறும்போது அதன் ஓரம் ஒரு கைப்பிடி சரிந்தது. கையால் தட்டிவிட்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தபோதுதான் முழுவதும் தெரிந்தது. எண்ணினேன். ஆழமாகப் பதிந்தவை மட்டும் இருபத்து மூன்று. என் மனசு பழக்கதோஷத்தில் அவற்றைக் காக்கையாக்க முடியுமா என்று பார்த்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது.

இரண்டு பெண்களும் வரப்பைச் சுற்றி வந்தார்கள். ஒருத்திக்கு என் வயது இருக்கும். இன்னொருத்தி அவள் நாத்தனார், முப்பதுக்குள், கழுத்தில் செபமாலை. மூத்தவள் குழிகளைப் பார்த்தாள். என்ன வேலையாக வந்தேன் என்று மட்டும் கேட்டாள். படம் வரைய என்றேன். என்ன படம் என்றாள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "உங்க உழைப்பத்தான் வரையணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒழைப்ப மிதிச்சுட்டு ஒழைப்ப வரைய வந்திருக்காங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

என் வாழ்நாளில் என் படங்களைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது. உப்புப் பாத்தியின் தரை தானாக அப்படி ஆவதில்லை. தண்ணீர் தெளித்து, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். காயவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். அப்போதுதான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், உப்பில் மண் ஏறாது. அந்தப் பாத்தியை அவர்கள் இருவரும் பதினோரு நாளாக மிதித்திருந்தார்கள். அதுவரை அடுத்தவர் பாத்தியில் கூலிக்குப் போனவர்கள். அந்த வருடம்தான் முதல் தடவையாகத் தங்கள் பொறுப்பில் ஒரு பாத்தி எடுத்திருந்தார்கள். மூத்தவளின் கணவர் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறவர், இதில் வருவதில்லை.

"நாளைக்கு விடிய எங்களுக்குத் தண்ணி மொற" என்றாள் மூத்தவள். பெரிய தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்தி பாத்தியாக முறைவைத்துத் தண்ணீர் விடுவார்களாம். தயாராக இல்லாத பாத்தியைத் தாண்டிப் போய்விடுமாம்.

"அடுத்த முறை வாங்கிக்க முடியாதா?"

"வாங்கலாம். ஆனா மொத மொறையே விட்டுட்டா, பொம்பளைங்களால ஆவாதுன்னு பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எப்போ தவறும்னு பார்த்துக்கிட்டு நாலு பேர் இருக்காங்க."

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

நானும் மிதிக்கிறேன் என்றேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இடத்தைவிட்டுப் போக வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நாத்தனார் சிரித்துவிட்டாள். மூத்தவள் என் பாதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஷூவக் கழட்டுங்க மேடம்" என்றாள்.

குழியில் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட முடியாதாம். அப்படிப் போட்டால் காய்ந்ததும் அந்த மண் மட்டும் தனியாகப் பெயர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு குழியையும் சுற்றி அகலமாகக் கொத்தி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பிறகு அந்தப் பட்டை முழுவதையும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். நான் கெடுத்தது நடுவில் என்பதால் கிட்டத்தட்டப் பாதிப் பாத்தி.

மிதிப்பது எப்படி என்று மூத்தவள் காட்டினாள். பக்கவாட்டில் நகர வேண்டும். ஒரு பாதம், அதை ஒட்டி இன்னொரு பாதம். நடுவில் விரல் நுழைய இடம் இருக்கக் கூடாது. முழுப் பாரத்தையும் குதிகாலில் போடக் கூடாது, பாதம் மொத்தமும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. நான் அவசரத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன்.

"எடம் விட்டு எடம் வெக்காதீங்க. காலுக்குப் பக்கத்துலயே காலு."

இருபது வருடமாகத் தாளில் புள்ளி வைக்கிறவள் நான். நிழல் வேண்டிய இடத்தில் நெருக்கமாக வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது சட்டென்று பிடிபட்டது, இது என் வேலைதான் என்று. பேனாவுக்குப் பதில் கால். அதற்குப் பிறகு ஓரளவு ஒழுங்காக வந்தது. "இப்போ பரவாயில்ல" என்றாள் நாத்தனார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

வேலை செய்யும்போது அவர்கள் உழைப்பைப் பற்றியெல்லாம் பேசவில்லை. டிவி தொடரில் வரும் மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். ஆரோவில்லில் வேலைக்குப் போகும் யாரோ ஒருத்தி புது ஸ்கூட்டர் எடுத்ததைப் பேசினார்கள். காலையில் பூசைக்குப் போகவில்லை, மாலைப் பூசைக்காவது போகலாம் என்றிருந்தார்கள். என்னால் அதுவும் போயிற்று. மதியம் அவர்கள் கஞ்சியில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மயக்கம் போட்டு விழுந்தா அந்தக் குழிய யாரு மூடறது?" என்றாள் நாத்தனார். சாப்பிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குப் பாத்தி மறுபடி ஒரே தரையாகக் கிடந்தது. என் பாதத்தில் எத்தனை வெடிப்பு இருக்கிறது என்பதை உப்பு மண் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டது. ஸ்கூட்டியில் ஷூ இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் நான் லீவும் போடவில்லை, படமும் கொடுக்கவில்லை. ஓவியக் கூடத்துப் பெண் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பினாள்.

தண்ணீர் நின்றதா இல்லையா என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போய்க் கேட்கத் தைரியம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. போனபோது பாத்தியில் உப்பு விளைந்து, ஓரத்தில் குவியல் வெள்ளையாக ஏறியிருந்தது. அப்பாடா என்று இருந்தது. நடுவில் மட்டும் தரை கொஞ்சம் கறுத்து, திட்டுத் திட்டாகத் தெரிந்தது. எவ்வளவு மிதித்தும் அந்த இடங்கள் முழுசாக இறுகவில்லையாம், குவியலருகே நின்ற மூத்தவள் சொன்னாள். அழுத்தி வாரினால் மண் ஏறிவிடும். மேலாக வாரி, அடியில் இருப்பதை விட்டுவிட வேண்டும். அன்று ஒத்தாசைக்குப் புதிதாக ஒருத்தி பலகை போட்டு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பிலிருந்து நாத்தனார் அவளைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், மேடம் காலு பக்கம் பார்த்து வாரு! அழுத்தாத!"

அந்த இடத்துக்கு அதுதான் பெயர். என்னைக் கிண்டல் செய்வதற்காக அவள் சொல்லவில்லை. நான் வந்து நிற்பதையே அவள் அப்போது பார்த்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தாளை எடுத்தேன். பாத்தியை மட்டும் வரைந்தேன். ஆள் இல்லை, சூரியன் இல்லை, வியர்வை இல்லை. ஓரத்தில் வரப்பு, மற்றபடி மேலிருந்து பார்த்தால் தெரியும் தரை. புள்ளிக்குப் பக்கத்திலேயே புள்ளி, வரிசை வரிசையாக. எட்டு மாதம் ஆயிற்று. அந்த இருபத்து மூன்று இடங்களில் மட்டும் பேனா படவில்லை, வெறும் வெள்ளைத் தாளாக விட்டேன். ஐந்தாவது மாதம் ஒரு மைத்துளி சிந்தியது. கை தானாக மூக்கு வைக்கப் போனது. நிறுத்தினேன். துளி துளியாகவே இருக்கிறது.

அடுத்த வருடக் கண்காட்சியில் அந்தப் படம் இருந்தது. சுற்றுச்சூழல் என்றார் ஒருவர். அழிந்துபோகும் நிலம் என்றார் இன்னொருவர். வானத்தில் நட்சத்திரம் என்று ஒரு அம்மா ஆசையாகச் சொன்னார். ஓவியக் கூடத்துப் பெண் பழைய கேள்வியையே கேட்டாள், எதுக்கு வரைஞ்சீங்க என்று. "நான் மிதிச்சுக் கெடுத்த எடம். அதனால வரைஞ்சேன்" என்றேன். இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மனசுக்குள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. தன் தப்பைச் சட்டம் போட்டு மாட்டும் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி நாள் அண்ணியும் நாத்தனாரும் பஸ் பிடித்து வந்தார்கள். நான்தான் அழைத்திருந்தேன். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள். எது தங்கள் பாத்தி என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்தே நேராக அதனிடம் போனார்கள். மூத்தவள் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "எடம் விடாம வெச்சிருக்கீங்க" என்றாள். நாத்தனார் விரலை நீட்டி வெள்ளை இடங்களை எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுதே மேடம்."

"இல்லம்மா. இருபத்து மூணுதான். அன்னைக்கே எண்ணினேன்."

"பாத்தியில இருபத்து மூணு. வரப்புல ஏறச்சொல்ல ஒண்ணு ஒடச்சீங்களே."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சரிந்த ஓரம், கையால் தட்டியது. ஆனால் அது ஒரு கைப்பிடி மண்தானே என்றேன்.

மூத்தவள் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையை அமுக்கினாள். நாத்தனார் கேட்கவில்லை, சொல்லிவிட்டாள். மறுநாள் விடியலில் தண்ணீர் வந்ததும் அந்த இடத்தில்தான் முதலில் கசிந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாய் அகலமாகி, தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு ஓட ஆரம்பித்திருக்கிறது. அண்ணி ஓடி ஓடிக் களிமண் வெட்டிவர, நாத்தனார் அந்த உடைப்பில் தன் காலைக் கொடுத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாத்தி நிறையும் வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல். எப்போது தவறும் என்று காத்திருந்த நாலு பேரும் எதிர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா மறுபடியும் மிதிக்க வந்துடுவீங்களேன்னுதான்" என்றாள். மூத்தவளும் சேர்ந்து சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. அவர்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வரப்பின் அந்த ஓரம் முழுக்கப் புள்ளிகளால் நிறைந்திருக்கிறது. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாக்கலாம், சில பேர் அப்படிச் செய்வதுண்டு. நான் தொடவில்லை. இருபத்து மூன்று குழிகளை எண்ணி ஒப்புக்கொண்டு பெருமைப்பட்டவள், கையால் தட்டி மறந்த ஒன்றை எண்ணவே இல்லை. அதைத்தான் இன்னொருத்தி தன் காலைக் கொடுத்து அடைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் ஒரு படம் முடிந்தால் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. நாலு நாள் சுவரில் சாய்த்து வைத்து, இதில் எந்த ஓரத்தைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.